பைக்குள் காய்த்த ஏலம்

அத்தியாயம் 11

கொசுவலை போன துக்கம் சுந்தரம்மாளுக்கு இரண்டு மாதமாகியும் தீரவில்லை.

தேனிக்குப் போய்ப் பேரம் பேசி வாங்கிய புது வலை. அதை மகள் சந்திரவல்லி கத்தரிக்கோலால் இருபது துண்டாக்கி, இருபது பை தைத்து, மலைக்குக் கொண்டுபோய் ஏலப்பூவுக்குக் கட்டிவிட்டாள். மனுஷரைக் கொசுக்கடியில் படுக்க வைத்துவிட்டுப் பூவுக்கு வலை கட்டுகிற படிப்பைச் சுந்தரம்மாள் இந்தப் போடிநாயக்கனூரில் கேள்விப்பட்டதே இல்லை.

"மூணு வருஷம் மதுரையில படிக்க வச்சதுக்கு இதான் மிச்சம்" என்று சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கும் அவள் அதையேதான் சொல்லிக்கொண்டு மகளுக்கு இட்லி கட்டிக் கொடுத்தாள். ஆனால் இரண்டு இட்லி கூடுதலாகவே வைத்தாள்.

சந்திரவல்லி மதுரையில் விடுதியில் தங்கித் தாவரவியல் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அந்த வகுப்பில் ஒவ்வொரு மாணவியும் சொந்தமாக ஏதாவது ஒன்றை ஆராய்ந்து ரெக்கார்டு நோட்டில் எழுதித் தர வேண்டும். மற்றப் பெண்கள் விடுதித் தோட்டத்துச் செம்பருத்தியோடு வேலையை முடித்துக்கொண்டார்கள். இவள் மட்டும் அப்பாவின் ஏலத்தோட்டத்தை எடுத்துக்கொண்டாள். ஏலப்பூ காயாவதற்குத் தேனீ வேண்டுமா, வேண்டாமா? அதுதான் கேள்வி.

ஏலச்செடிக்குப் பூ உச்சியில் பூக்காது. அடியில், மண்ணோடு மண்ணாகக் கிடக்கிற நீளமான சரத்தில் பூக்கும். கீழே பன்னிரண்டும், மேட்டிலிருக்கிற மேக்காட்டில் எட்டுமாக இருபது செடியில், செடிக்கு இரண்டு சரமாகக் குறித்துக்கொண்டு, ஒன்றுக்குப் பை கட்டினாள், ஒன்றைத் திறந்து விட்டாள். திறந்த சரத்துக்குத் தேனீ வரும். பைக்குள் வராது. பிறகு இரண்டிலும் எத்தனை பிஞ்சு பிடித்திருக்கிறது என்று எண்ணினால் விடை தெரிந்துபோகும். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்து, பையை அவிழ்க்காமல் வலை வழியாகவே பூக்களை எண்ணிக் குறித்துவிட்டுப் போனாள்; பிஞ்சைக் கடைசியில் எண்ணிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். திங்கட்கிழமை ஜெயபாக்கியம் மேடம் மேஜையில் நோட்டு இருக்க வேண்டும்.

மேடத்தைவிடப் பெரிய பரீட்சை வீட்டில் இருந்தது. அதுதான் போன வாரம் சோற்றுத் தட்டு முன்னால் நடந்த பேச்சு.

சுந்தரம்மாளின் தம்பி பெரியகருப்பன் போடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உர மருந்துக் கடை வைத்திருக்கிறார். பூச்சி சுரண்டிக் காயில் சொறி விழுகிறது, உடனே மருந்தடிக்க வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். பூ இருக்கும்போது அடித்தால் தேனீ செத்துப்போகும், காயே பிடிக்காது என்று சந்திரவல்லி நின்றாள். போன வருஷத்து வறட்சியில் தோட்டத்தில் பாதி கருகிப்போய், மிச்சம் பிழைத்ததை வைத்து மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிற அப்பா ராஜாராம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சனிக்கெழம எண்ணுவோம்" என்று தீர்ப்புச் சொன்னார். "பைக்குள்ள காய் இல்லேன்னா பூ ஓயிற வரைக்கும் மருந்து கெடையாது. இருந்துச்சுன்னா ஞாயித்துக்கெழம மருந்தடிப்பு. அதுக்கப்பறம் யாரும் வாயைத் தொறக்கக் கூடாது."

அந்தச் சனிக்கிழமைதான் இது.

*

ஜீப்பின் பின்னால் காய் எடுக்கும் பெண்கள் பதினாலு பேர் ஒருவர் மடியில் ஒருவராக அடைந்திருந்தார்கள். முன்னால் ராஜாராம் ஓட்ட, அவருக்கும் பெரியகருப்பனுக்கும் நடுவில் சந்திரவல்லி நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் மருமகளே, ராத்திரி தூங்குனியா?"

"நல்லாத் தூங்குனேன் மாமா."

"கண்ணைப் பாத்தாத் தெரியலையே. தோத்துட்டா ஒண்ணும் கவலைப்படாத. நம்ம கடையில உக்காந்து மருந்து டின்னை எண்ணு. எண்ணுறதுதான் உனக்குக் கை வந்த கலையாச்சே."

பின்னால் பெண்கள் சிரித்தார்கள். சந்திரவல்லிக்கும் சிரிப்பு வந்தது. மாமா மருந்து விற்கிறவர்தானே தவிர மனசில் விஷம் கிடையாது. அவளுக்கு முதல் சைக்கிள் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். ஆனாலும் இன்று அவரை ஜெயித்தே தீர வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

"சிரிக்காதீங்கடி, பாப்பா நல்லா மார்க்கு வாங்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது. முத்துப்பேச்சி. அந்தப் பதினாலு பேருக்கும் தலைவி. இருபது வருஷமாக ராஜாராம் தோட்டத்தில் காய் எடுக்கிறவள். சந்திரவல்லியை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையேறியவள்.

போடிமெட்டில் டீ குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது மணி எட்டு. பெண்கள் அட்டைக்காகக் காலில் புகையிலையும் சுண்ணாம்பும் தேய்த்துக்கொண்டு காய் எடுப்புக்குப் போனார்கள். ராஜாராம் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"பையை நான்தான் அவுப்பேன். நான்தான் எண்ணுவேன். நீ எழுது" என்றார் மகளிடம்.

"சரிப்பா."

முதல் செடி. திறந்திருந்த சரத்தில் பதினோரு பிஞ்சு. சந்திரவல்லி எழுதினாள். ராஜாராம் பையின் கயிற்றை அவிழ்த்து வலையை உருவினார்.

குனிந்தவர் நிமிரவில்லை. விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"பத்து" என்றார்.

"என்னப்பா?"

"பத்து. நீயே பாரு."

அவள் மண்டியிட்டுப் பார்த்தாள். பச்சைப் பசேலென்று பத்துப் பிஞ்சு. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாலும் பத்துதான்.

இரண்டாவது செடியில் பைக்குள் எட்டு. மூன்றாவதில் பதினொன்று, அது திறந்த சரத்தைவிட ஒன்று அதிகம். பெரியகருப்பன் முதலில் விசிலடித்தார். அப்புறம் மருமகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பன்னிரண்டாவது செடி முடிந்தபோது அவரே இரக்கப்பட்டு, "போதும் மச்சான், புள்ள அழுதுரும் போலருக்கு" என்றார்.

திறந்த சரங்களில் மொத்தம் நூற்று முப்பத்தொன்று. பைகளில் நூற்றுப் பதினெட்டு. தேனீ வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான் என்று அவள் கையாலேயே எழுதியாகிவிட்டது.

"இன்னும் எட்டு இருக்குப்பா, மேக்காட்டுல" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பன்னெண்டுல தெரியாதது எட்டுல தெரியப்போகுதா?" ராஜாராம் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "மாப்ளே, நீ கெளம்பு. கீழ போற ஜீப்பு எதுலயாவது தொத்திக்க. ஆளுகளுக்குச் சொல்லிரு. காலையில மருந்தை ஏத்து."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட சந்திரவல்லி தாங்கியிருப்பாள். அவர் ஏமாந்துபோன குரலில் சொன்னார். மாமா ஜெயிக்க வேண்டும் என்று அப்பா நினைக்கவில்லை, தான் ஜெயிக்க வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் ஆசைப்பட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அதனால் இரண்டு மடங்கு வலித்தது.

*

எல்லாரும் போன பிறகு அவள் பன்னிரண்டாவது செடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். ஒழுங்காக மூக்கைச் சிந்தி, நிதானமாக அழுதாள். நடுவில் ஒரு அட்டை காலில் ஏறியது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடியும் அழுதாள்.

வலையில் ஓட்டை இருக்குமோ என்று எல்லாப் பையையும் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஒரு ஓட்டை இல்லை. அம்மா பேரம் பேசி வாங்கிய சாமான், லேசில் கிழியுமா?

பதினோரு மணிக் கஞ்சி நேரத்தில் முத்துப்பேச்சி தூக்குவாளியோடு தேடிக்கொண்டு வந்தாள். பாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போய் வாளியைக் கீழே வைத்தாள்.

"என்ன பாப்பா, எதுக்கு அழுவுற? அதான் பைக்குள்ள காய் நெறையா வந்துருக்கே! பாஸ்தானே?"

சந்திரவல்லி மூக்கைத் துடைத்த கையோடு அப்படியே நிமிர்ந்து பார்த்தாள்.

"பைக்குள்ள காய் இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும் பேச்சியக்கா? அப்ப நீங்க எடுப்புல இருந்தீங்களே."

முத்துப்பேச்சிக்கு மறைக்கத் தெரியாது. பாப்பாவிடம் மறைக்க வேண்டிய விஷயம் என்றும் தோன்றவில்லை. சந்தோஷமாகவே சொன்னாள்.

"எப்புடித் தெரியுமா? தெனம் காலையில அவுத்து விடுறது யாரு, நான்தானே! வந்ததும் மொதச் சோலி ஒம் பையத்தான் அவுப்பேன். நாலு மணிக்குக் கெளம்புறப்ப திரும்பக் கட்டிப்புடுவேன். கட்டிப்போட்ட ஆட்டைக்கூட ஒரு வேளை மேய விடுறோம். இது பூவு, அதுக்கு மூச்சு முட்டாதா?"

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா. நீ கட்டுன மறுநாளே பாத்தேன், பூவு வாடி உதுந்துகெடக்கு. அன்னைக்கு நீதானே சொன்ன, 'பைக்குள்ள ஒரு காய்கூட வராது பேச்சியக்கா'ன்னு? எங்களுக்குச் சாயங்காலம் தராசுல காய் நெறைய நின்னாத்தான் நல்ல பேரு. கொறஞ்சா மொதலாளி மொறைப்பாரு. ஒங்க டீச்சரும் அப்படித்தானே மார்க்குப் போடுவாக? ஒரு காயும் இல்லாமக் கொண்டுபோயி நின்னா பெயிலாக்கிட மாட்டாகளா? நீ மதுரைக்குப் போயிட்ட. இங்கன நாங்க இருந்து என்ன சொகம்?"

சந்திரவல்லி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படலாம் என்று நினைத்தாள். ஆனால் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அழுத கண்ணீரோடு சிரிப்பும் சேர்ந்துகொண்டு விக்கல் எடுத்தது. முத்துப்பேச்சி பயந்துபோய் அவள் தலையில் தட்டினாள்.

"அக்கா, காய் இல்லேன்னாத்தான் எனக்கு மார்க்கு."

"என்ன கூத்து இது! காய் இல்லாட்டி மார்க்கா? அப்படியும் ஒரு படிப்பு இருக்கா?"

"இருக்கு. நீங்க அவுத்துவிட்ட நேரத்துல தேனீ உள்ள வந்துருச்சு. அதான் காய்ச்சிருக்கு." சொல்லும்போதே அவளுக்கு ஒன்று உறைத்தது. எழுந்து நின்றுவிட்டாள். "அக்கா, மேக்காட்டுல எட்டுப் பை கட்டுனேனே? அதையும் அவுத்தீங்களா?"

"அய்யய்யோ, அந்தப் பக்கம் நான் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன். அந்தப் பெரிய மரத்துல ஆளுயரத்துக்குத் தேன்கூடு தொங்குது. போன வருசம் கொட்டுனதுல மூணு நா மூஞ்சி வீங்கிக் கெடந்தேனே, மறந்துட்டியா?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் சந்திரவல்லி மேட்டில் பாதி ஏறிவிட்டாள்.

*

மேக்காட்டில் தேனீ இரைச்சல் காதை அடைத்தது. தோட்டத்திலேயே தேனீ அதிகமுள்ள இடம் அதுதான். திறந்திருந்த எட்டுச் சரங்களிலும் பிஞ்சு அடர்ந்து கிடந்தது. பன்னிரண்டு, பதினாலு, பதிமூன்று. எட்டுப் பைகளையும் அவிழ்த்தாள். பூ உதிர்ந்த தழும்புகள் வரிசையாக இருந்தன. காய் இல்லை. இரண்டு முறை எண்ணினாள். எட்டுப் பையிலும் சேர்த்து மொத்தம் இரண்டே இரண்டு பிஞ்சு.

அதையும் மறைக்காமல் எழுதினாள். பையை மறுபடி கட்டிவிட்டுக் கீழே ஓடி வரும்போது, மேட்டுக்குக் கீழே நின்றிருந்த முத்துப்பேச்சி கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பாப்பா, நான் அவுத்தேன்னு மொதலாளிகிட்டச் சொல்லிறாத. பையத் தொட்ட ஆளு நாளையிலேருந்து ஜீப்புல ஏற வேண்டாம்னு அன்னைக்கே சொல்லிட்டாரு. அவரு சொன்னாச் சொன்னதுதான்."

அதைச் சந்திரவல்லி மறந்தே போயிருந்தாள். அப்பா அப்படிச் சொன்னது உண்மைதான். சொன்னது மகளின் பைக்காகத்தான்.

"சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான், வாக்கையும் காப்பாற்றி, தேனீயையும் காப்பாற்றுவது எப்படி என்று விழித்தாள்.

காய் உலர்த்துகிற ஸ்டோரில் ராஜாராம் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மேக்காட்டு எட்டையும் எண்ணிட்டேன். தொறந்த சரத்துல நூத்திமூணு. பைக்குள்ள ரெண்டு."

"ரெண்டா?" திரும்பிப் பார்த்தார். "கீழ நூத்திப் பதினெட்டு, மேல ரெண்டு. ஒரே தோட்டம், ஒரே பை. எப்படி?"

சந்திரவல்லி நோட்டை மூடினாள்.

"கேக்குறேன்ல, தாயி. எப்படி மாறுச்சு?"

"கீழ உள்ளது... சரியில்லப்பா. மேல உள்ளதுதான் சரி."

"ஏன் சரியில்ல?"

அவள் தரையைப் பார்த்தாள். ராஜாராம் விறகைக் கீழே போட்டார்.

"ஒனக்குப் பிடிச்ச கணக்கு சரி, பிடிக்காத கணக்கு தப்பா? இதுக்குத்தான் இம்புட்டுச் செலவழிச்சுப் படிச்சியா? தோத்தது தப்பில்ல வல்லி. இப்படிப் பேசுறதுதான் தப்பு."

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. அப்பா தன்னை ஒருநாளும் பொய்க்காரி என்று நினைத்ததில்லை. இப்போது கிட்டத்தட்ட அப்படித்தான் நினைக்கிறார். உண்மை நுனி நாக்கில் நின்றது. கொடுத்த வாக்கு அதைப் பிடித்து இழுத்தது.

"பாப்பா மேல தப்பில்ல மொதலாளி."

வாசலில் முத்துப்பேச்சி. கஞ்சிக்கு உட்கார்ந்திருந்த மற்றப் பெண்கள் அத்தனை பேரும் அவளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்கள்.

"நான்தான் பைய அவுத்தேன். கீழ உள்ள பன்னெண்டையும். ரெண்டு மாசமா. பாப்பாவுக்குத் தெரியாது. நாளையிலேருந்து ஜீப்புல ஏற மாட்டேன், இப்பவே வீட்டுக்கு நடந்து போயிக்கிறேன். புள்ளையத் திட்டாதீங்க."

ராஜாராம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு அவுப்ப?"

"வந்ததும். எட்டு, எட்டரை."

"கட்டுறது?"

"நாலு மணிக்கு."

"ஞாயித்துக்கெழம?"

"ஞாயித்துக்கெழம நான் ஏது இங்க? அன்னைக்குப் பையோடதான் கெடக்கும்."

"அவுக்கிற நேரத்துல அந்தச் சரத்துல ஈ உக்காந்துச்சா? கண்ணால பாத்தியா?"

"அவுத்துட்டு எந்திரிக்கிறதுக்குள்ள நாலு வந்து உக்காந்துக்கிருமே. பயந்து நான் ஒதுங்கிப் போயிருவேன்."

இதெல்லாம் தான் கேட்க வேண்டிய கேள்வி என்று சந்திரவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. அவசரமாகப் பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்தாள். அஞ்சாம் வகுப்போடு நிறுத்திய அப்பா கேட்கிறார், பள்ளிக்கூடமே போகாத பேச்சியக்கா சொல்கிறாள், மூன்றாம் வருஷத்து மாணவி எழுதுகிறாள். ஜெயபாக்கியம் மேடம் பார்த்தால் யாருக்கு மார்க்குப் போடுவார் என்று சொல்வதற்கில்லை.

ராஜாராம் மேக்காட்டுக்கு நடந்தார். தேனீ இரைச்சலுக்கு நடுவே உட்கார்ந்து, எட்டுப் பையையும் தாமே அவிழ்த்துத் தாமே எண்ணினார். இரண்டு. பூ உதிர்ந்த தழும்புகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"மருந்து எப்பவும் காலையில ஒம்போது மணிக்குத்தான் அடிப்போம்" என்றார் கடைசியில். "பனி காஞ்சபெறகு. அப்பத்தான் ஈயும் வரும், இல்ல?"

"ஆமாப்பா."

"பன்னெண்டு வருசமா ஈயைக் கொன்னுட்டுக் காயைத் தேடியிருக்கேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை. சந்திரவல்லி பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் ஒட்டியிருந்த சருகை எடுத்துவிட்டாள்.

"சொறிக்கு என்ன பண்றது? அதுவும் நெசம்தானே. மாமன் சொல்றது பொய்யில்ல."

"தெரியலப்பா. மேடம்கிட்டக் கேக்கணும்."

'தெரியல' என்று அவள் சொன்னது ராஜாராமுக்கு என்னவோ பிடித்திருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். கீழே காத்திருந்த முத்துப்பேச்சியைத் தாண்டிப் போகும்போது நிற்காமலே சொன்னார்.

"நாளைக்கு ஞாயிறு, லீவு. திங்கக்கெழம வெரசா வந்து ஜீப்புல ஏறு. முன் சீட்டுல."

முத்துப்பேச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒன் நோட்டுல என் பேரையும் எழுதிட்டியா பாப்பா?" என்று கேட்டாள்.

"எழுதிட்டேன். முழுப்பேரும்."

"நல்லதாத்தானே எழுதுன?"

"நடந்ததை அப்படியே எழுதுனேன்."

"அப்பச் சரி" என்றாள், அது நல்லதா கெட்டதா என்று தெரியாமலே.

*

இறக்கத்தில் ஜீப்பு பாட்டும் கும்மாளமுமாக வந்தது. சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலே ஏறிவந்த ஜீப்பு ஒன்று விளக்கைப் போட்டு ஒலி எழுப்பியது. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. மலையில் அதுதான் முறை. ராஜாராம் பின்னால் எடுத்து, பாறையோரம் ஒதுங்கி, தார்ப்பாய் போட்டு மூடியிருந்த அந்த வண்டிக்கு மரியாதையாக வழிவிட்டார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது மணி ஆறே முக்கால். சுந்தரம்மாள் எண்ணெய்க் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஏங்க, ரெண்டு பேரும் இங்க வந்துட்டீங்க? தம்பி ஒங்களை ஸ்டோர்லயே இருக்கச் சொல்லலையா?"

"எதுக்கு இருக்கணும்? அவன் காலையிலதான மருந்து ஏத்துவான்?"

"நல்லா ஏத்துவான்! மத்தியானமே வந்து நாலு ஆளு, ரெண்டு பம்ப்பு, பத்து டின்னு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு நாலரைக்கெல்லாம் கெளம்பிட்டானே! ராத்திரி ஸ்டோர்ல தங்கி, விடிஞ்சதும் அடிச்சு முடிச்சுருவோம், மச்சான் சந்தோசப்படுவாருன்னு சொல்லிட்டுப் போனான். தார்ப்பாய் போட்ட ஜீப்பு. ஒங்களுக்கு எதுத்தாப்புல வரலையா?"

ராஜாராமும் சந்திரவல்லியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்தான் ஒதுங்கி வழி விட்டேன்" என்றார் ராஜாராம், தலையில் கைவைத்துக்கொண்டு.

மலையில் போன் கிடையாது. ஆளனுப்பிச் சொல்லவும் வழியில்லை. மழைக்காலம் என்று இந்த மாதம் முழுவதும் மலையடிவாரத்து முந்தல் சோதனைச் சாவடியில் ஏழு மணிக்குக் கம்பைப் போட்டு வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள்.

"ஏறு தாயி."

"சாப்பிட்டுட்டுப் போங்க! ராத்திரியில வயசுப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு மலைக்கா?"

"பெரியகருப்பன் எதை நம்பி மருந்தை நிறுத்துறீங்கன்னு கேப்பான். எனக்கு விளக்கத் தெரியாது. அவதான் வரணும். நோட்டை எடுத்துக்க வல்லி."

சுந்தரம்மாள் இரண்டு பேரையும் முறைத்தாள். உள்ளே போனாள். ஜீப்பு கிளம்புவதற்குள் தூக்குச்சட்டியில் சோறும் குழம்புமாக ஓடிவந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"என் தம்பி நீங்க சொன்னாக் கேக்க மாட்டான். நான் சொன்னாத்தான் கேப்பான். வண்டியை எடுங்க."

முந்தலுக்குப் போனபோது ஏழு தாண்டி அஞ்சு நிமிஷம். கம்பு குறுக்கே இறங்கியிருந்தது. குடையோடு வந்த காவலர் விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில வாங்கண்ணே. மேல கல்லு உருளுது. விட மாட்டோம்."

"போயே ஆகணும் தம்பி. விடியுறதுக்குள்ள போகலைன்னா உசுருக்கு ஆபத்து."

காவலர் பதறினார். "யாருக்கு? எத்தனை பேருக்குண்ணே?"

ராஜாராம் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு ஆளின் பெயரைச் சொல்லியிருந்தால் கம்பு மேலே ஏறியிருக்கும். அவர் பக்கத்திலிருந்த மகளைக் காட்டினார்.

"தேனீக்கு. ஒரு லட்சமாவது இருக்கும். என்னைக் கேக்காதீங்க, என் மக எண்ணிப் பாத்துச் சொல்லியிருக்கா. அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

இருபது வயசு வரைக்கும் அப்பா தன்னைப் பற்றி வெளி ஆளிடம் இப்படி ஒரு வார்த்தை சொல்லிச் சந்திரவல்லி கேட்டதில்லை. நோட்டு நனையாமல் இருக்கத் தாவணிக்குள் இறுக்கிக்கொண்டாள்.

காவலர் அப்பாவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பின்னால் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்த சுந்தரம்மாளைப் பார்த்தார்.

"தேனீக்கா?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார். அவர் கை கம்பின் கயிற்றில் இருந்தது. இன்னும் இழுக்கவில்லை.